அலறியது பிலோமினா அக்கா இல்லை

பிலோமினா அக்கா போய்விட்டார். இன்று காலையில்... ஆஸ்பத்திரியில். நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம்.

நம் ஐந்து பேரிடமும் மாறி மாறிச் சுற்றும் இந்தக் கொப்பியில் இதுவரை நான் சிரிப்புக் கதைகள்தான் எழுதியிருக்கிறேன். இன்று இதை எழுதுகிறேன். உம்மா தூங்கிய பிறகு, பாயில் குப்புறப் படுத்து, லாம்பைத் தணித்து வைத்துக்கொண்டு.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். லாம்பு வெளிச்சம் போதவில்லை.

ரஹீமா, நீ புதிதாகச் சேர்ந்தவள், உனக்கு அக்காவைத் தெரியாது. டவுன் தியேட்டரில் பெண்கள் வாசலில் டிக்கட் கிழித்தவர். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அலுவிகாரையில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார்.

சனிக்கிழமைகளில் தையல் கிளாஸ் முடிந்து நாங்கள் நாலு பேரும் வரும்போது இரண்டரை ஷோ தொடங்கும். அக்கா வாசலின் கறுப்புத் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி எங்களை உள்ளே நிற்க விடுவார். ட்ரெய்லர் முடியும் வரைக்கும்தான். படத்தின் சென்சார் சர்டிபிகேட் விழுந்ததும் முதுகில் ஒரு தட்டு.

"போங்க மகாராணிங்களா. வீட்டுல தேடுவாங்க."

இரண்டு வருஷம் இப்படி. எத்தனையோ கொலைகளின் தொடக்கத்தைப் பார்த்தோம். ஒரு கொலைகாரனைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா ட்ரெய்லரைப் பார்த்ததே இல்லை. வாசலைப் பார்த்து, திரைக்கு முதுகு காட்டி நிற்பதுதான் அவர் வேலை. எல்லாம் காதால்தான்.

வயலின் மேலே மேலே ஏறும். மணிக்கூடு டிக் டிக் என்று கேட்கும். திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றுவிடும்... அப்போது அக்கா திரும்பாமலே மெல்லச் சொல்வார், "இப்ப வரும் பாருங்க." உடனே ஓர் அலறல் வரும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

பிறகு வெளியே வந்து எங்களிடம் கேட்பார், அந்தச் சத்தத்துக்கு என்ன காட்டினான் என்று. நாங்கள் சொல்வோம். முதலில் சப்பாத்து மட்டும் நடந்து வரும். கெமரா தரையோடு தரையாகப் பின்னால் போகும். ஆள் யார் என்று காட்டமாட்டான். அப்புறம் ஒரு முகம், ஒரு கத்தி, ஒரு ஜன்னல், திரும்ப முகம்... கண் சிமிட்டுவதற்குள் மாறிவிடும்.

"பயந்தவ மூஞ்சியத்தான் காட்டுறானா? அவ எதப் பாத்துப் பயந்தாளோ அதக் காட்டலியா?" என்றார் ஒரு நாள். இல்லை என்றாள் சரோஜா. அக்கா தலையை ஆட்டினார். "கெட்டிக்காரன்தான். மிச்சத்த நம்ம தலையில கட்டிட்டான்."

அந்தச் சனிக்கிழமை நடந்தது உங்கள் மூவருக்கும் தெரியும். ரஹீமாவுக்காக எழுதுகிறேன். இல்லை... எனக்காகத்தான் எழுதுகிறேன்.

திரையில் ஒரு கதவுப் பிடி மட்டும் இருந்தது. கெமரா மெது மெதுவாக அதன் கிட்டே போனது. சத்தம் நின்றது. அந்த மௌனத்துக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. வருவதற்கு முன்பே அலறிவிட்டேன்.

என் சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் பக்கம் முழுக்க அலறியது. திரையில் அப்போதும் வெறும் கதவுப் பிடிதான். ஆண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

நாங்கள் ஓடிவிட்டோம். ஆனால் ஆண்கள் பக்கம் இருந்த, வாப்பாவின் கடைக்குப் பக்கத்துக் கடை முதலாளிக்கு என் குரல் தெரிந்திருக்கிறது. அவர் போய்ச் சொல்ல, வாப்பா அன்றைக்கே தியேட்டருக்குப் போய்விட்டார். என் பெரியம்மா மகளை ஏதோ ஒரு சின்னக் காரணத்துக்காகப் போன வருஷம் ஸ்கூலிலிருந்து நிறுத்தினார்கள். எனக்கும் அதுதான் என்று நினைத்து வீட்டில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்த வாசல்காரப் பெண் மெனேஜருக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டாளாம். "நான்தாங்க மொதலாளி கத்துனேன். எத்தன வருசமாக் கேக்குற சத்தம்... என்னமோ பயந்துட்டேன்."

இரண்டு மாதம் வாப்பா கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மெனேஜர் அக்காவை வாசலிலிருந்து எடுத்து, ஷோவுக்கு ஷோ உள்ளே கூட்டிப் பெருக்கப் போட்டுவிட்டார். கச்சான் கடலைக் கோதும் பீடித் துண்டும் தூசியும். இருமல் அங்கேதான் தொடங்கியது என்கிறார்கள்.

நாங்கள் அந்த ரோட்டாலேயே பிறகு போகவில்லை. தையல் கிளாஸுக்குச் சுற்றி வேறு வழியாகப் போனோம். அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று நம்மில் ஒருத்திகூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று ராச் சாப்பாட்டில் வாப்பாதான் செய்தியைச் சொன்னார். "அந்தத் தியேட்டர் பொம்புள மௌத்தாம். படத்துக்குப் பயந்து கத்தினாளே, அவதான்."

உம்மா புள்ளகுட்டி இருக்கிறதா என்று கேட்டார். ஒருத்தரும் இல்லையாம். நாளைக்கு மூன்று மணிக்கு அலுவிகாரை அறையிலிருந்து எடுக்கிறார்களாம்.

எவ்வளவு நாள்தான் இதை வைத்துக்கொண்டிருப்பது... களைத்துப் போய்விட்டேன்.

"வாப்பா, அண்டைக்குத் தியேட்டர்ல கத்தினது நான்."

வாப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு முன் அறைக்குப் போய்விட்டார். உம்மா என் ஸ்கூல் பையை ஆணியிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இந்தக் கொப்பி பாய்க்குக் கீழே இருந்ததால் தப்பியது.

வாப்பா இன்னும் தூங்கவில்லை. செருமுவது கேட்கிறது.

சரோஜா, காலையில் என்னைக் கூப்பிட வருவாய் அல்லவா, ஜன்னலால் இதை உன்னிடம் தருகிறேன். பிறகு எனக்காக நிற்காதே, நேராக ஸ்கூலுக்குப் போ.

ஸ்கூல் விட்டதும் நீங்கள் நாலு பேரும் அலுவிகாரைக்குப் போங்கள். யூனிபோர்மோடே போங்கள். அக்காவுக்குப் பின்னால் நடக்க ஆள் இல்லை.

அக்கா... நான் வர முடியும் என்று தோன்றவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.