தொட்டிக்குள் ஓடிய கப்பல்

கொர்னேலியஸ் மலாயாவின் கோல சிலாங்கூர் ஆற்றில் ரப்பர்த் தோட்டத்து மோட்டார் படகை ஓட்டியவர். ரப்பர் கட்டுகளை ஏற்றிப் போய், கடலில் நிற்கும் கப்பலில் சேர்ப்பது அவர் வேலை. காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்ததும் ஆற்றில் படகு ஓடத் தடை விழுந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காலையில் காவலர்கள் உடம்பைத் தடவிப் பார்த்து வெளியே விடுவார்கள், சாயங்காலம் கதவைப் பூட்டுவார்கள். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் காட்டிலிருப்பவர்களுக்குத்தான் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். கடலைப் பார்த்தே பழகிய மனிதருக்கு வேலிக்குள் மூச்சு முட்டியது.

படகுக்குப் பதில் ஓடிய ரப்பர் லோரிகள் ஈஜோக் சாலையில் இரண்டு முறை எரிக்கப்பட்டபின், கப்பலையே ஆற்றுக்குள் கொண்டுவந்துவிட நிர்வாகம் யோசித்தது. கப்பல் அணைய ஜெட்டியை எங்கே கட்டுவது என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் வந்தார். ரப்பர்ப் பால் கொட்டகைக்குப் பின்னால் பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டி, அதற்குள் ஆற்றின் வளைவுகளையும் முகத்துவாரத்தையும் சிறிதாகச் செய்தார். ஒரு முனையில் தண்ணீரை விட்டு மறுமுனையில் திறந்தால் கடல் வற்றும்போது ஆற்றில் வரும் இழுப்பு அப்படியே வரும். இரண்டு கை நீளத்தில் மரக்கப்பல், அதற்குள் பேட்டரி மோட்டார். சுக்கானைத் திருப்பும் கயிறுகள் கொர்னேலியஸ் கையில். ஜெட்டிக்குப் பதிலாக மெல்லிய கம்பிகள் நட்டிருந்தன. கப்பல் இடித்தால் அவை வளையும்.

கீழ் வளைவில், ஆளில்லாத கண்டல் காட்டோரம், கப்பலின் பின்பக்கம் ஒவ்வொரு முறையும் சுழன்று கம்பிகளை மடக்கியது. அந்த இடம் ஆகாது என்றானது. மிச்சம் இருந்தது மேல் வளைவு. அங்கேதான் கொர்னேலியஸின் அக்கா ரோசரியும் இன்னும் சில குடும்பங்களும் வீடு கட்டிக் கோழி வளர்த்து வாழ்ந்தார்கள்.

அங்கே ஜெட்டி வந்தால் வீடுகளைக் காலி செய்யவேண்டும் என்ற சேதி ரோசரிக்கு எட்டியது. வேலிக்கு வெளியே நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"அங்கயும் கப்பல் இடிச்சா எங்கள விட்டுருவாங்கதானே?"

"விட்டுருவாங்கன்னுதான் நெனைக்கிறேன்க்கா."

"அப்ப இடிக்கட்டும்டா."

மறுநாள் மேல் வளைவில் கொர்னேலியஸ் கயிற்றைக் கொஞ்சம் தாமதித்து இழுத்தார். கம்பிகள் சாய்ந்தன. மறுபடி ஓட்டச் சொன்னார் பொறியாளர். மறுபடி சாய்ந்தன. அவர் கொர்னேலியஸைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தானே கயிற்றை வாங்கினார். கப்பல் கம்பிகளை ஒட்டி, பூனை வந்து படுப்பதுபோல நின்றது. பொறியாளர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"ஒனக்கு அசதியாம். போய்த் தேத்தண்ணி குடிக்கச் சொல்றாரு," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அசதின்னே இருக்கட்டும் லா. வேற பேரு வெச்சான்னா விசாரணையே இல்லாம உள்ள தள்ளிருவான்."

கொர்னேலியஸ் தேநீரைக் குடித்தார்.

அடுத்த வாரம் லோரிகள் மேல் வளைவுக்குப் போயின. ரோசரியின் வீட்டுப் பலகைகளையும் கோழிக்கூண்டையும் அவளையும் ஏற்றிவந்து அதே வேலிக்குள் இறக்கின. அவள் குடிசை அவர் லயத்துக்கு எதிரே அமைந்தது. தம்பி கப்பலை இடிக்கவே இல்லை என்று நினைத்து, குழாயடியில் நேருக்கு நேர் வந்தாலும் அவள் பேசவில்லை. தான் இடிக்க முயன்றதைக் கொர்னேலியஸும் சொல்லவில்லை. யார் காதில் விழுந்து யார் போய்ச் சொல்வார்களோ என்ற பயம் அந்த வேலிக்குள் எல்லாருக்கும் இருந்தது. மாதா கோயில் பூசைக்குக்கூட இருவரும் தனித்தனியாகவே போனார்கள்.

ஜெட்டிக்கு நாலு தூண் அடித்ததோடு ரப்பர் விலை சரிந்தது. வேலை நின்றது, பொறியாளரும் போய்விட்டார். ஆனால் ஆட்களைத் திருப்பி அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை.

சில வருடங்களுக்குப்பின் வேலியைப் பிரித்தார்கள். அன்று பகலில் கொர்னேலியஸ் அக்காவின் வாசலுக்குப் போய், நடந்ததைச் சொன்னார். ரோசரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தரமா இடிச்சே?"

"ரெண்டு தரம்."

"மூணாந்தரம் இடிச்சிருந்தா ஒன்னையும் கொண்டு போயிருப்பாங்க. வீடு போனது போகட்டும். உள்ள வா."

அவர் தலையைக் குனிந்து உள்ளே போனார். ஆற்று வேலைக்கு அவர் திரும்பவேயில்லை. லோரி ஓட்டக் கற்றுக்கொண்டார்.