என் பக்கம் கிடந்த மண்

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு வயல்கள். பாகப்பிரிவினையில் மேல் வயல் என் கணவருக்கும், அதை ஒட்டிய கீழ் வயல் அவருடைய தம்பிக்கும் வந்தன. நடுவில் ஒரே ஒரு வரப்பு. என் கணவர் சிங்கப்பூரில் இருப்பதால் மேல் வயலில் விவசாயம் பார்ப்பவள் நான். கொழுந்தனார் லாரி ஓட்டுகிறவர், வீடு தங்க மாட்டார். அதனால் கீழ் வயல் என் ஓரகத்தியின் பொறுப்பு.

விவசாயத்தில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த வருஷக் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வந்த வாரமே நாற்று விட்டு, நாள் தவறாமல் நட்டு முடித்தேன். ஓரகத்தியின் நாற்றங்கால் அழுகிப்போய், மறுபடி விதை விட்டு, ஒரு மாதத்துக்கும் மேல் பிந்தி நட்டாள். புரட்டாசியில் என் வயல் கதிர் முற்றித் தலைசாய்ந்து அறுப்புக்கு நின்றது. அவள் வயல் அப்போதும் பச்சைப்பசேலென்று இருந்தது. "பயிர் வைக்கிற லட்சணத்தப் பாரு" என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் இடம் தேடி வந்தார்கள். கழுத்தில் துண்டு போட்ட புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர் காரிலிருந்து இறங்கி நேராக என் வரப்பில் வந்து நின்றார். யார் ஹீரோ என்று கேட்டேன். அவர் பேரைச் சொன்னதும் எனக்குக் கைகால் ஓடவில்லை.

கல்லூரி நாளில் அவர் படம் வந்தால் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு முதல் காட்சிக்குப் போய் நிற்பேன். இன்றைக்கும் அவர் படம் வந்தால் என் கணவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து, "உன் ஆளு படம் இங்கயும் ரிலீசாம்" என்று கிண்டல் செய்வார். என் ஓரகத்தியோ, தியேட்டரில் உட்கார வைத்தால் இடைவேளைக்குள் தூங்கிவிடுகிறவள்.

மேனேஜர் என் வயலை ஒரு தரம் பார்த்தார். அப்படியே திரும்பி கீழ் வயலைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"இதுதாம்மா! இந்தப் பச்சைதான் வேணும்."

"ஏங்க, என் வயல்ல என்ன குறை?"

"மஞ்சளா இருக்கேம்மா. கதைப்படி ஹீரோ வெள்ளை வேட்டியில பச்சை வயலுக்குள்ள நடந்து வரணும்."

"கம்ப்யூட்டர்ல பச்சையாக்கிக்க முடியாதாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "ஆக்கலாம்மா. பட்ஜெட் வேணுமே! பாதிப் பணம் ஹீரோ சம்பளத்துக்கே போயிடுது. அவர் முகத்துக்குத்தானே முதல் நாள் கூட்டம் வருது? மிச்சத்துலதான் நாங்க படம் எடுக்கணும். செட் போட வக்கில்லாமதான் நிஜ வயலத் தேடி அலையறோம்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். என் தெய்வமும் குறுக்கே வந்தது, ஆனால் பக்கத்து வயலில் போய் இறங்கிவிட்டது. பருவம் தவறாமல் பயிர் வைத்தவளுக்கு ஒன்றுமில்லை, நாற்றை அழுக விட்டவளுக்கு ஹீரோ. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேட்டியில் சேறு படக் கூடாது என்று, நான்கு நாள் கீழ் வயலுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாமென மேனேஜர் சொல்லியிருந்தார். ஓரகத்தியும் சரியென்று வாய்க்கால் மடையை இறுக அடைத்து வயலைக் காயப் போட்டாள். படப்பிடிப்பு அன்று வாய்க்காலில் என் முறைத் தண்ணீர். எனக்கோ அறுப்பு வயல், தண்ணீர் தேவையே இல்லை.

விடிகிற நேரத்தில் மண்வெட்டியோடு போனேன். அவள் வயலின் மடை எங்கள் பொது வரப்பின் மூலையில்தான் இருக்கிறது. வரப்பின் என் பக்கத்தில் நின்றபடியே நாலு வெட்டு வெட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. எனக்குக் கிடைக்காதவர் அவளுக்கும் கிடைக்க வேண்டாம், அவ்வளவுதான் என் கணக்கு. வீட்டுக்கு வந்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

எட்டு மணிக்குள் முத்துப்பேட்டை, திருப்பனந்தாள் என்று எங்கிருந்தெல்லாமோ பைக்குகள் வந்து ரோட்டை அடைத்துவிட்டன. என் வயலில் அறுக்க வந்த மிஷின்காரர்கூட வண்டியை அணைத்துவிட்டு அதன் தலைமேல் ஏறி நின்றுகொண்டார். கீழ் வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார்.

"யாரு தண்ணியத் திறந்தது? ஒரு நாள் நின்னா என்ன நஷ்டம் தெரியுமா? ஹீரோ டேட்டுக்கு நான் எங்க போவேன்?"

ஓரகத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மடையருகே நின்றாள். கீழே பார்த்தாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மடை வெட்டுகிறவர்கள், வெட்டிய மண்ணைத் தங்கள் பக்கத்தில் குவித்து வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். திரும்ப அடைக்கும்போது கைக்கு வாகாக இருக்கும். கெட்டிக்காரி அல்லவா நான், கெடுதல் செய்யப் போன இடத்திலும் பழக்கம் மாறாமல் மண்ணை வரப்பில் என் பக்கமாக அழகாகக் குவித்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பட்டணத்துக்காரர்களுக்கு அது வெறும் மண். அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள், பிறகு ஒரே ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தாங்க திறந்தேன். பயிரு வாடுச்சு, மனசு கேக்கல. அக்கா மொறைத் தண்ணிதான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"அறிவிருக்கா உனக்கு? படிச்சுப் படிச்சு சொன்னேனே!" என்று மேனேஜர் அத்தனை பேர் முன்னால் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலைகுனிந்து நின்றாள். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அவள் திட்டு வாங்கியது எனக்கு ஒரு நிமிஷம் இனித்தது.

அந்த இனிப்பு அதற்குமேல் நிலைக்கவில்லை. டைரக்டர் வந்தார். தண்ணீரில் வானமும் தென்னையும் தலைகீழாக நிற்பதைப் பார்த்தார். "கோடி கொட்டினாலும் இது கிடைக்காது. யாரும் தொடாதீங்க!" என்றார். ஹீரோ கேரவனிலிருந்து இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் கால் வைத்தார். ஊரே அலறியது. நான் கூட்டத்துக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய முதுகுக்கும் குடைக்கும் நடுவில் எட்டி எட்டிப் பார்த்தேன்.

முடிந்ததும் தண்ணீர் விட்டது யாரென்று ஹீரோ கேட்டாராம். காலையில் திட்டிய அதே மேனேஜர் சிரித்துக்கொண்டே என் ஓரகத்தியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஹீரோ கைகூப்பி, "உங்களாலதாங்க சீன் இவ்வளவு நல்லா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். அவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள்.

"அக்கா, வாங்க! நீங்களும் வந்து நில்லுங்க!"

"எனக்கு அறுப்பு வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். ஹீரோ சொன்னது என் தண்ணீருக்கு வந்த வார்த்தை, எனக்கு வர வேண்டிய கும்பிடு. ஆனால் எந்த வாயால் கேட்பது?

சாயங்காலம் மடையை அடைக்க அவள் வந்தாள். வரப்பில் என் பக்கம் கிடந்த மண்ணை அள்ளி மடையில் போட்டு மிதித்தாள். போகும்போது, "அடுத்த தடவை மண்ண என் பக்கம் போடுங்கக்கா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நல்ல மனசையும் கடவுள் அவளுக்கே கொடுத்து வைத்திருக்கிறார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

படம் வந்த முதல் நாள் திருவாரூருக்கு இருவரும் சேர்ந்து போனோம். கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம், விசில், காகித மழை. வழக்கம்போல அரை மணி நேரத்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க அவள் வயல், என் தண்ணீர், நடுவில் அவர். ஆட்கள் நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள். நான் மட்டும் திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வரப்பின்மேல் என் பக்கமாக, நான் குவித்த மண் அப்படியே தெரிந்தது. அந்தத் தியேட்டரில் அதைப் படிக்கத் தெரிந்த இன்னொருத்தி அவள்தான். தன் வயலைப் பார்க்கத்தான் அவ்வளவு ஆசையாகக் கிளம்பி வந்திருந்தாள்.

நான் அவளை எழுப்பவில்லை.