அமிர்தவல்லியைக் காப்பாற்றியவர்கள்

செஞ்சியில் ஓர் ஆம்பிளை ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான் என்று அர்த்தம். கண்டக்டரே விசில் ஊதி வண்டியை நிறுத்துவார். பொம்பளை ஓடினால், அதுவும் விடியற்காலையில் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைப் பக்கமாக ஓடினால், அர்த்தம் கேட்கவே வேண்டாம். அந்தப் பக்கம் செட்டிக்குளம் இருக்கிறது. தேசிங்குராஜனின் மனைவி உடன்கட்டை ஏறியது அந்தக் கரையில்தான் என்று ஊரில் சொல்வார்கள். ராணிக்கே அந்தக் கதி என்றால் பாத்திரக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு வேறென்ன கதி? இப்படியெல்லாம் யோசித்துத் தெளிந்த ஊரின் நடுவில்தான், முப்பத்தாறு வயது அமிர்தவல்லி மாரத்தானுக்குப் பழகுவது என்று முடிவெடுத்தாள்.

அவள் பள்ளிக்கூடத்து நாளில் தென்னாற்காடு மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தவள். பரிசாகக் கிடைத்த டிபன் கேரியரைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாமனார் தட்டிப் பார்த்து, “நல்ல கெட்டி” என்றார். ஓடியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் ஓடியதெல்லாம் பொங்கும் பாலை இறக்குவதற்கு மட்டும்தான்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. வருகிற தை மாதம் பாண்டிச்சேரியில் மாரத்தான் ஓட்டம். பெண்களும் ஓடலாம். அமிர்தவல்லி அதைப் புருஷன் பாத்திரக்கடை பூவராகவனுக்குப் படித்துக் காட்டினாள். அவர் இட்லி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

“அடுப்பங்கரைலேர்ந்து கூடத்துக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது. பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு!”

மாமியார் ராஜாம்பாளும் சிரித்தாள். விஷயம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. மகன் சிரித்தால் சிரிப்பது வழக்கம். அமிர்தவல்லிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று அந்த வீட்டில் மிச்ச இட்லி வெறுமனேதான் இறங்கியது.

சாயங்காலம் கடைத்தெருவில் சாந்த் பாஷாவின் செருப்புக்கடைக்குப் போய் கேன்வாஸ் ஷூ கேட்டாள்.

“பையனுக்கா அக்கா? இன்னா வயசு?”

“முப்பத்தாறு.”

பாஷா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் காலை அளவு பார்த்து ஒரு ஜோடி வெள்ளை ஷூவை எடுத்து வைத்தார்.

மறுநாள் விடியலில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். முதல் வளைவிலேயே விலா பிடித்தது. நிற்கலாமா என்று நினைக்கும்போது பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

“ஐயோ, கடைக்காரம்மா கொளத்துக்குப் போவுது! புடிங்கய்யா!”

பால்காரன் பச்சமுத்துவின் குரல். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்த அமிர்தவல்லி ஆத்திரத்தில் வேகம் பிடித்தாள். அவள் வேகம் பிடிக்கப் பிடிக்க, ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துகொண்டே வந்தது. ஓடி வந்தவர்களெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட, பச்சமுத்து மட்டும் சைக்கிளில் முந்திப் போய்ப் பால்கேனைக் குறுக்கே வைத்து மறித்தான்.

“எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா. புள்ளைங்க மொகத்தப் பாரு!”

“எட்டப் போடா! பாண்டிச்சேரில ஓடறதுக்குப் பழகறேன்.”

“பாவம், பொலம்புது,” என்றான் பச்சமுத்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தவர்களிடம்.

ஊர்வலமாக அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சாந்த் பாஷா ஓடோடி வந்து சாட்சி சொன்னார். “கொளத்துல வெளப் போறவங்க புது ஷூ வாங்குவாங்களாய்யா?”

“விரக்தில வாங்கிருப்பாங்க பாய்,” என்று கூட்டம் பெருந்தன்மையோடு பதில் சொன்னது.

ஓர் உயிரைக் காப்பாற்றிய பச்சமுத்துவின் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. பூவராகவன் பாடுதான் கஷ்டமாயிற்று. குடம் வாங்க வந்தவர்கள் குடத்தைத் திருப்பிப் பார்க்கும் முன் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். “வீட்ல இப்ப எப்டி இருக்காங்க?” என்று விசாரிக்கிற குரலில் தீர்ப்பு எழுதியிருந்தது. வெறுத்துப்போன பூவராகவன், மனைவி ஓடும்போது தானும் சைக்கிளில் பின்னால் போவது என்று முடிவு செய்தார். கட்டின புருஷனே கூடப் போனால் எவன் தப்பாக நினைப்பான்?

அடுத்த விடியலில் இருவரும் கிளம்பினார்கள். ஆடிக் காற்றுக்காகப் பூவராகவன் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். இருட்டுக்காகக் கையில் நீளமான டார்ச் லைட். ராஜகிரிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சைக்கிள் செயின் கழன்றது. அமிர்தவல்லி திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பூவராகவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, டார்ச்சை ஓங்கியபடி, “நில்லுடி! ஏய், நில்லுடி!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

முன்னால் உயிருக்குப் பயந்து ஓடும் பெண். பின்னால் முகம் மூடிய ஒருவன், கையில் இரும்புத்தடி. ஊர் சும்மா இருக்குமா? இருட்டில் ஆள் தெரியாமல் இரண்டு அடி விழுந்தது. துண்டு அவிழ்ந்து, பூவராகவன்தான் என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு விழுந்தது.

வீட்டில் ராஜாம்பாள் கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட, பூவராகவன் வீங்கிய வாயால் உத்தரவு போட்டார். “இன்னியோட சரி. இனிமே வாசப்படி தாண்டக் கூடாது.”

“அடிச்சது அவனுங்க. வாங்குனது நீங்க. நிக்க வேண்டியது நானா?”

“ஆமா.”

ராத்திரி முழுக்க அந்த ‘ஆமா’ அவள் நெஞ்சில் கரி போலக் கனன்றது. விடிந்ததும் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசப்படி தாண்டினாள். “எங்கடி போற?” என்று பூவராகவன் பற்றுப் போட்ட முகத்தோடு பின்னாலேயே வந்தார். அவள் ஓடவில்லை. நடந்து போய் நேராக டீக்கடை முன்னால் நின்றாள்.

“யாருய்யா இங்க என்னக் காப்பாத்தறவரு? வா முன்னாடி.”

யாரும் வரவில்லை. பச்சமுத்து கேனுக்குப் பின்னால் குனிந்தான்.

“கொளத்துல வெளணும்னு தோணுன நாளு எனக்கும் இருந்துது. அன்னிக்கி நான் ஓடல. நடந்துதான் போனேன், கரை வரிக்கும். இந்தக் கடையத் தாண்டித்தான் போனேன். ஒருத்தனும் தலைய நிமித்தல. இன்னிக்கி ஓடறேன், ஊரே எழுந்து வருது. போங்கய்யா, போய் டீயக் குடிங்க.”

சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள். வெள்ளை ஷூ இரண்டும் மாறி மாறி ரோட்டில் அறைந்துகொண்டே போயின. யாரும் எழுந்திருக்கவில்லை.

பூவராகவன் நின்ற இடத்திலேயே நின்றார். அது எந்த நாள் என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்காமலே டீ வந்தது.

பச்சமுத்துவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மொதலாளி, அம்மா எங்க போவுது?”

“பாண்டிச்சேரிக்கு.”

“பாண்டிச்சேரி கெழக்கால இல்ல இருக்குது? இவங்க மேக்கால ஓடறாங்களே?”

“திரும்பி வருவாடா, மடையா!” என்று கத்தினார் பூவராகவன். கத்தினதில் கன்னம் வலித்தது. டீயை மறந்துவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.