பொட்டுப் பக்கம்

1. குன்றாண்டார்கோவில் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். மேலே வைத்திருந்த ஏர் ரைஃபிள் பை கீழே விழுந்தது.
2. குழல் நுனியில் குறி பார்க்க நிற்கும் இரும்புத் துண்டு, அதாவது முன்குறி, வளைந்துவிட்டது. நிமிர்த்தப் பார்த்தேன். ஒடிந்தது.
3. துப்பாக்கி சுடும் கிளப்பின் அலமாரியில் கிடந்த பழைய ரைஃபிளின் முன்குறியைத் தட்டிக் கழற்றி இதில் ஏற்றினேன்.
4. மதியம் மாவட்ட அணிக்கான தேர்வு.

சுட வேண்டியவர் என் மதினி, அண்ணனின் மனைவி. இந்த முறை அணியில் இடம் கிடைக்காவிட்டால் இனி துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று என் அம்மாவிடம் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். கிளப்பில் அந்தப் போட்டிக்கு ஆகிற ரைஃபிள் இது ஒன்றுதான். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து டூல் ரூமில் வேலை பார்க்கிறவள் என்பதால் சுத்தியல் என்னிடம் வந்தது.

முன்குறிக்குத் திருகு கிடையாது. குழலின் மேல் வெட்டிய பள்ளத்தில் பக்கவாட்டில் நுழைந்து இறுக்கமாக உட்காரும். பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டித்தான் நகர்த்த வேண்டும். கண் பக்கம் இருக்கும் பின்குறியில் திருகு உண்டு, ஆனால் மரை தேய்ந்து சும்மா சுற்றியது. குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ முன்குறியையும் அந்தப் பக்கமே தட்ட வேண்டும். பலரும் இதை மாற்றிச் செய்வார்கள். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை.

ரேஞ்சின் வலது ஓரம், வாசலை ஒட்டி, மதினி உட்கார்ந்து சுட்டார். என் மேஜையும், ரைஃபிளைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் இடது சுவர் ஓரம். அவர் சுடுவார், நான் போய் ரைஃபிளை வாங்கி வருவேன், அவர் பைனாகுலரில் இலக்கு அட்டையைப் பார்த்துச் சொல்வார்.

"அங்கிட்டுப் போகுது."

தட்டினேன். மறுபடி சுட்டார்.

"இன்னும் அங்கிட்டுத்தான் போகுது. நல்லாத் தட்டு, வலிக்காது அதுக்கு."

நன்றாகவே தட்டினேன். அடுத்த குண்டு அட்டையிலேயே படவில்லை. மதினி பைனாகுலரை இறக்கினார். தேர்வுக்கு வந்தவர்கள் வெளியே வண்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. வைஸில் இருந்த முன்குறியைப் பார்த்தேன். அது வெகுவாக வலப்பக்கம் போயிருந்தது.

"அங்கிட்டுன்னா எங்கிட்டு மதினி?"

அவர் என் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். சுவர் எனக்கு இங்கிட்டு. அங்கிட்டு என்றால் எனக்கு வாசல் பக்கம். குண்டு இடப்பக்கம் போக, நான் வலப்பக்கமாகவே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதினி எழுந்து வந்தார். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் குழலின் இடப்பக்கம் ஒட்டினார்.

"இனிமே பொட்டுப் பக்கம், வெறும் பக்கம். நீ எங்கிட்டு வேணா உக்காரு."

பொட்டுப் பக்கமாகத் திருப்பித் தட்டினேன். இப்போது அது இலேசாகவே நகர்ந்தது. அதுதான் பயம். போக வரத் தட்டியதில் பிடிப்பு தளர்ந்துவிட்டது. விரலால் அழுத்தினாலே அசைந்தது. வாசலில் கிடந்த கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரித்து, மெல்லிய தகடு ஒன்றைப் பள்ளத்தில் வைத்து மேலே முன்குறியைத் தட்டி ஏற்றினேன். இறுகியது. மதினி சுட்டார். வெறும் பக்கம், ஒரு மயிரிழை. ஒரே ஒரு தட்டு. அடுத்தது நடுவில் விழுந்தது. அதற்கு மேல் சோதிக்க நேரமில்லை, பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வு முழுவதும் நான் அட்டையைப் பார்க்கவில்லை. முன்குறியையே பார்த்தேன். இருந்த இடத்திலிருந்து அது அசைந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது என்பது தெரிந்தும் பார்த்தேன். கடைசியில் இரண்டு குண்டுகள் பொட்டுப் பக்கம் ஒதுங்கின என்று மதினி பிறகு சொன்னார். தகடு நகர்ந்ததா, தன் கை நகர்ந்ததா என்று அவருக்கும் தெரியவில்லை.

அணியின் கடைசி இடம் மதினிக்குக் கிடைத்தது. புது முன்குறிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம், வரவில்லை. மாநிலப் போட்டிக்கு இந்தத் தகட்டோடுதான் போகிறோம். பொட்டு விழுந்துவிட்டது, அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.