மேயப் போன நூற்றுப் பதினேழாம் எண்

இங்கே ஒருவர் காலுறையைக் கழற்றினால், கடல் கடந்த பாலைவனத்தில் இன்னொருவர் ஓட்டும் மோட்டார் சைக்கிள் நின்றுபோகும் என்று நம்புகிறீர்களா? மாட்டீர்கள். சிரிப்பீர்கள். சரி, போன தடவை உங்கள் அணி தோற்கும் நிலையில் இருந்தபோது, எழுந்தால் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும் என்று மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது யார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு நம் ராலிக்காரரைப் பார்த்துச் சிரியுங்கள்.

ராலிக்காரர் என்பது கிடங்கில் வைத்த பெயர். குளியல் தொட்டிகளும் கழுவுதொட்டிகளும் கூரை வரை அடுக்கியிருக்கும் கிடங்கு. அவர் அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆள் நடக்கும் வேகத்தைத் தாண்டினால் வண்டியே கூவிக் காட்டிக்கொடுத்துவிடும். துடைப்பத்தோடு பின்னால் வரும் துப்புரவுக்காரம்மா, "அண்ணே, கொஞ்சம் ஓரம் போங்க, எனக்கு வேலை இருக்கு" என்று அவரை முந்திக்கொண்டு போவார்.

அப்படிப்பட்டவருக்குப் பாலைவன ராலி என்றால் உயிர். மணல்மேடு, கல்தரை, வறண்ட ஆற்றுப்படுகை என்று நாள்கணக்கில் நீளும் மோட்டார் சைக்கிள் போட்டி அது. அவர் அதை நேரில் பார்த்ததே இல்லை, கைபேசியில்தான் பார்ப்பார். அதிலும் வண்டி தெரியாது. மஞ்சள் வரைபடத்தின் மேல் எண் போட்ட புள்ளிகள் ஊரும், அவ்வளவுதான். ஒவ்வொரு வண்டியிலும் மாட்டியிருக்கும் இடங்காட்டிக் கருவி அந்தப் புள்ளியை அனுப்புகிறது. சோற்றுத் தட்டில் கை காய்ந்துபோகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய புள்ளி நூற்றுப் பதினேழு. பெரிய அணிக்காரர்களுக்கு மெக்கானிக் உண்டு, சமையல்காரர் உண்டு, சாயங்காலம் கால் பிடித்துவிடக்கூட ஆள் உண்டு. நூற்றுப் பதினேழிடம் இருந்தது ஒரு பெட்டி ஸ்பேனர். வண்டியைத் தானே ஓட்டி, தானே உடைத்து, தானே மாட்டுவான். முடிவுப் பட்டியலில் அவனைக் கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைப்பான். அதனாலேயே இவர் அவன் பக்கம். முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கைபேசியில் இவர் நடத்தும் ரசிகர் குழுவில் இவருக்குத் துணைத் தளபதி.

முன்பொரு வருடம் நூற்றுப் பதினேழு போட்டியை முழுதாக முடித்த நாளில் இவர் காலில் பச்சைக் காலுறை இருந்தது. அன்று பிடித்தது சனி. இப்போதெல்லாம் ராலி தொடங்கும் நாளில் மாட்டினால் முடிந்த பிறகுதான் கழற்றுவார்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துபவர். பெரிய மனிதர்கள் கண்ணை இறுக மூடிக்கொள்வதைத் தினமும் பார்ப்பதால் எதற்கும் அசரமாட்டார்.

"ஏங்க, அந்தக் காலுறையை எங்க லேபுக்குக் குடுங்க. புதுசா கிருமி ஏதாச்சும் கிடைச்சா உங்க பேரையே வைக்கச் சொல்றேன்."

"சும்மா இரும்மா. அவன் இப்ப மணல்மேட்டுல இருக்கான்."

இந்த வருடம், போட்டியின் நடுவில், அந்தப் புள்ளி மணல்மேடுகளுக்கு இடையில் அசையாமல் நின்றது. பகல் முழுக்க நின்றது. இவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் புள்ளி நகர்ந்தது. பந்தயப் பாதையில் இல்லை. பாதையை விட்டுத் தெற்கே, மெதுவாக, மிக மெதுவாக.

இவர் உடனே குழுவில் எழுதினார்: "நம்ம ஆள் யாரும் பாக்காத குறுக்குவழியைப் பிடிச்சுட்டான். பொறுத்திருந்து பாருங்க." அது ஊர் ஊராகப் பரவியது.

முடிவுப் பட்டியலோ, நூற்றுப் பதினேழு முந்தின சாயங்காலமே முகாமுக்கு வந்துவிட்டதாகச் சொன்னது.

"லிஸ்ட்ல தப்பு இருக்கும் மாமா," என்றான் மச்சான். "புள்ளி பொய் சொல்லாது."

கண்ணெதிரே இருக்கும் ஆதாரத்தை ஒதுக்கிவிட்டு, நம்பிக்கைக்கு முட்டுக் கொடுக்க மனிதனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சாயங்காலம் புள்ளி கிளம்பிய இடத்துக்கே திரும்பியது. "எதிராளியைக் குழப்புறான்," என்றது குழு. மறுநாளும் அதே போக்கு, அதே வரவு. "என்ன மூளை பாருங்க மாமா," என்று மச்சான் உருகினான்.

மனைவி கைபேசியை எட்டிப் பார்த்தார். "காலையில போகுது, மத்தியானம் ஒரே இடத்துல நிக்குது, பொழுது சாய்ஞ்சா வீட்டுக்கு வருது. உங்க ஆளு பந்தயம் ஓட்டுறாரா, ஆடு மேய்க்கிறாரா?"

"அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியாட்டிப் போகுது. அந்த ஆட்டுக்குப் புரிஞ்சா சரி."

அதற்கடுத்த நாள் அமைப்பாளர்களின் அறிக்கை வந்தது. நூற்றுப் பதினேழு பாதையை விட்டுக் குறுக்கே போய் ஏமாற்றுவதாகப் பணக்கார அணிகளின் ரசிகர்கள் புகார் செய்திருந்தார்கள். ஆதாரமாகக் காட்டியது ராலிக்காரர் எழுதிய அதே வரிகளை. அமைப்பாளர்கள் விளக்கினார்கள்: வீரர் ஏமாற்றவில்லை, அவருடைய கருவி காணாமல் போய்விட்டது, ஆளில்லாப் பகுதியில் யாரோ அதைத் திருடிக்கொண்டு அலைகிறார்கள், போலீசில் சொல்லியாகிவிட்டது, புள்ளியை வைத்தே ஆளைப் பிடிப்பார்கள்.

மனைவி படித்துவிட்டுக் கேட்டார்: "ஆளில்லாத இடத்துல திருடன் மட்டும் எப்படிங்க இருப்பான்?"

ராலிக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. மனைவி கேலியாகச் சொன்னதுதான் நிஜம். மணலில் கிடந்த ஒரு பொருளை எவரோ ஒரு ஏழை எடுத்து ஆட்டின் கழுத்தில் கட்டியிருக்கிறார். இவர் பெருமைக்கு எழுதிய வரியால் இப்போது அவரைத் தேடிப் போலீஸ் ஜீப் போகப்போகிறது.

குழுவில் எழுதினார்: "நான் சொன்னது தப்பு. அது ஆடு."

குழு கொதித்தது. "எங்களை ஆட்டுக்கா கைதட்ட வெச்சே?" என்றார் ஒருவர். "ஆடுங்கறதே நம்ம ஆளோட தந்திரமா இருக்கலாம்," என்றார் இன்னொருவர். அவரைத் திருத்த எந்தப் பகுத்தறிவாலும் முடியாது.

ராலிக்காரர் அமைப்பாளர்களின் உள்ளூர் எண்ணுக்குப் போன் செய்தார். தொப்பி வாங்க ஒன்றை அழுத்தச் சொன்னது பதிவுக்குரல். சட்டை வாங்க இரண்டு. அங்கே வாழ்பவர்களைப் பற்றிப் பேச எந்த எண்ணும் இல்லை. இவர் தொப்பியை அழுத்தினார். இசை ஓடிக்கொண்டிருந்தபோது மனைவி, "காலை நீட்டுங்க" என்றார். நீட்டினார்.

ஒரு பெண் குரல் வந்தது. "சொல்லுங்க சார், எந்த டீமோட தொப்பி?"

"தொப்பி வேணாம்மா. நீங்க திருடன்னு சொல்றது ஆடு."

"எப்படி சார் சொல்றீங்க?"

"மத்தியானம் நிழல்ல நிக்குதும்மா. உங்க பந்தயத்துல எவன் நிழலுக்கு ஒதுங்குவான்?"

"எங்க மேப்புல அங்க நிழலே கிடையாதே சார். ஆளில்லாப் பகுதின்னுதான் போட்டிருக்கு."

"அப்ப மேப்பு தப்பு."

அந்தப் பெண் சொன்னார்: "புகாரைத் திரும்ப வாங்கணும்னா கருவிக்குப் பொறுப்பான வீரர் சொல்லணும் சார்."

இத்தனை வருடமாகக் கைதட்டியும் ராலிக்காரர் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. கடவுளுக்குக் கடுதாசி போடுவதுபோல ஒரு கூச்சம். அன்று எழுதினார்: "உங்கள் கருவியை யாரும் திருடவில்லை. அது ஓர் ஆட்டின் கழுத்தில் இருக்கிறது. ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பாதீர்கள்."

சாயங்காலம் பதில் வந்தது. "மணலில் புதைந்த என் வண்டியைத் தூக்கிவிட்டவர் ஓர் ஆட்டுக்காரர். அவசரத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை. கருவி அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. இதோ, அலுவலகக் கூடாரத்துக்குப் போகிறேன்."

புகாரைத் திரும்ப வாங்கினார்கள். ஆனால் ஜீப் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. போய், மணலில் புதைந்தது. திருடனைப் பிடிக்கப் போனவர்களை அந்தத் திருடரே தோண்டி எடுத்தார், தண்ணீர் கொடுத்தார், ஆட்டின் கழுத்திலிருந்து கருவியை அவிழ்த்தும் கொடுத்தார். அமைப்பாளர்கள் நன்றி சொல்லி ஒரு தொப்பி அனுப்பினார்கள். வெளியான படத்தில் அந்தத் தொப்பி பாதிதான் இருக்கிறது. மீதியை ஆடு மென்றுகொண்டிருக்கிறது.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராலிக்காரர் அப்போதுதான் தன் வெறுங்காலைக் கவனித்தார். பச்சைக் காலுறை துவைக்கப்பட்டுக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அது கழன்ற அன்றே, நூற்றுப் பதினேழு அந்தப் போட்டியிலேயே தன் மிகச் சிறந்த ஓட்டத்தை ஓடி முடித்திருந்தான். இன்ஜின் ஒரு முறைகூட இருமவில்லை.

"மாட்டிவிடவா?" என்று கேட்டார் மனைவி.

"காயட்டும்," என்றார்.

அடுத்த ராலிக்கான வரைபடம் இப்போது வந்திருக்கிறது. பாதை அதே மணல்மேட்டின் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு வீடு, ஒரு நிழல், ஒரு கிணறு இருப்பதைப் போலீசே பார்த்துவிட்டு வந்த பிறகும், அதே எழுத்தில் அதே சொல்: ஆளில்லாப் பகுதி. ராலிக்காரர் எழுதிக் கேட்டார். அவர் ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்து, தொப்பிக்குத் தள்ளுபடி என்று பதில் வந்தது.

ஒருவர் கேட்டால் தொப்பி வருகிறது. பலர் கேட்டால் பதில் வரக்கூடும். உங்களுக்கு ராலி பிடிக்க வேண்டியதில்லை. சாலையோ, அணையோ, சுரங்கமோ, உங்கள் கைக்கு வரும் எந்த வரைபடத்திலாவது அந்தச் சொல்லைப் பார்த்தால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: "யாரும் இல்லை என்று போய்ப் பார்த்தது யார்?" பெயரோடு பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.