மிதி இறுகிய பிறகு

மகன் வாங்கிக் கொடுத்த புது வண்டிக்கு என்னிடமிருந்து எதுவுமே வேண்டியதில்லை. கோளாறு என்றால் அதுவே விளக்கைப் போட்டுச் சொல்லும். கண்டிக்குக் கொண்டுபோனால், ஒரு வயரைச் செருகிப் பார்க்கிறார்கள். என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துத் தேத்தண்ணி தருகிறார்கள். நல்ல வண்டிதான். மருமகளைப் போல மரியாதையாக இருக்கும், ஒட்டாது.

பழைய வேன் அப்படியில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வண்டியிலேயே படுத்துறங்கி மலைநாட்டைச் சுற்றட்டும் என்று, பின்னால் கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்து என் கணவர் மாற்றியமைத்தது. அக்கரப்பத்தனை மழைக்குக் கூரை ஒழுகும், தார் பூசுவோம். உடப்புசல்லாவை ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும். நிறுத்தி ஆறவிட்டு ஊற்றுவோம். ஆனால் இரும்பு நல்ல இரும்பு. எது கழன்றாலும் கையாலேயே பூட்டிவிடலாம்.

பிரேக்கில் காற்று எடுப்பதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். அவர் வண்டிக்கடியில் படுத்துக்கொள்வார். நான் சீட்டில் ஏறி உட்காருவேன். "அமுக்கு" என்பார், நாலைந்து தடவை பிரேக் மிதியை அமுக்குவேன். "புடிச்சுக்க" என்பார். நான் அழுத்திப் பிடித்திருக்க, அவர் ஒவ்வொரு சக்கரமாக, அதன் பின்னாலுள்ள சிறு நட்டைத் திறந்து, குழாய்க்குள் புகுந்த காற்றை எண்ணெயோடு வெளியேற்றிவிட்டு மறுபடி இறுக்குவார். அதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எனக்குத் திட்டு விழும். கடைசியில் மிதி கல்லாக இறுகியதும் போதும் என்று நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் அவர் என் காலை நம்பினார்.

அவர் இறந்தபின் நானே வேனை ஓட்டினேன், கடைக்கும் கோயிலுக்கும். போன மழைக்காலத்தில் மிதி பஞ்சாகிவிட்டது. காற்றுதான் என்று தெரியும். அடியில் படுக்கத்தான் ஆளில்லை.

"வித்துருங்கம்மா. அதோட யாரு மல்லுக்கட்டுறது?" என்றான் மகன், கொழும்பிலிருந்து போனில். நானும் சரி என்றுவிட்டேன்.

பூண்டுலோயாவிலிருந்து வாங்குபவர் மறுநாள் வருவதாக இருந்தது. பிரேக்கைச் சரிசெய்து கொடுப்பதுதான் முறை என்று, ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை, நாங்கள் நானா என்று கூப்பிடுபவரை, வீட்டுக்கு வரச்சொன்னேன். சாமான் பையோடு வந்து வேனுக்கடியில் நுழைந்தார்.

"தங்கச்சி, ஏறி அமுக்குங்க."

அமுக்கினேன்.

"புடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன். காலுக்குக் கீழேயிருந்து ஒரு ஆண்குரல் என்னை வேலை வாங்கி எத்தனை காலமாயிற்று. நாலாவது சக்கரம் முடிந்தபோது மிதி இறுகிவிட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இறுகிருச்சாங்க?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல நானா."

மறுபடி திறந்தார், மூடினார். "இப்ப?"

"கொஞ்சம் பஞ்சாத்தான் இருக்கு."

இன்னொரு தடவை திறந்து மூடினார்.

"காத்து ஒண்ணும் வரலியே தங்கச்சி. வெறும் எண்ணெய்தான் வருது."

நான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் ஸ்பேனர் சாவியை நட்டில் மாட்டும் சத்தம் கேட்டது.

"சரி, இன்னொருக்கா அமுக்குங்க" என்றார்.