ஒங்க டேர்ன் ஆக்கும், அண்ணா

பாறசாலை ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் முதலில் நிற்கும் வண்டிக்குத்தான் சவாரி. ஆனால் அவர் தானாகக் கிளம்பக் கூடாது. பின்னால் நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "எலியா, போ!" என்று சத்தம் வந்தால்தான் எலியா வண்டியை எடுப்பார்.

ஷிஜா அக்காவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

முந்திரி ஆலையில் பருப்பு உடைத்துக்கொண்டிருந்தவர் அவர். ஆலை பூட்டியதும் ஆட்டோ ஓட்டப் படித்து ஸ்டாண்டுக்கு வந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

முதல் நாளே சஜு வழி மறித்தார். ஸ்டாண்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். ஆளை விரட்டும்போது மட்டும் மலையாளத்துக்கு மாறுவார்.

"இவிடெ ஸ்தலமில்லா."

"கடைசியில எடம் கெடக்குல்லா அண்ணா. அங்க நிக்கேன்."

நின்றார். அவர் முதலிடத்துக்கு வந்ததும் பின்னால் நிற்பவர் கூப்பிடாமல் தானே ஆளை ஏற்றிக்கொண்டு போவார். பயணிகள் இரக்கப்பட்டு அக்காவின் வண்டியில் ஏற வந்தாலும், "கூப்பிடாம எடுக்கக் கூடாது" என்று அக்காவே மறுத்துவிடுவார். வழியில் கை காட்டுகிறவர்களை வைத்துத்தான் பிழைப்பு நடந்தது.

ஆனால் தனக்கு முன்னால் நிற்பவரை அவர் ஒருநாளும் கூப்பிடாமல் விட்டதில்லை. "சஜு அண்ணா, ஆளு வந்தாச்சு, போங்க!"

"என்றெ பேரு விளிக்கண்டா!" என்று, தன் பெயரைக் கூப்பிடவே கூடாதென்று சஜு சீறுவார்.

"பின்ன நீங்க எப்பிடி போவிய?"

எலியா ஒருநாள், "எட்டி ஷிஜா, போலீசுல சொல்லு" என்றார்.

"போலீஸ் வந்தா எடம் கெடைக்கும். நீங்க எனக்க பேர கூப்பிடுவியளா அண்ணா?"

எலியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு காலையில், ஸ்டாண்டருகே நிறுத்தியிருந்த அக்காவின் வண்டியில் பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. யாரோ காற்றை இறக்கியிருந்தார்கள். பம்பு வாங்கி அடித்துவிட்டு வரிசையில் போய் நின்றார்.

அன்று மத்தியானம் முதல் வண்டி சஜுவுடையது. பின்சீட்டில் நல்ல உறக்கம். இரண்டாவது அக்கா. வேறு வண்டியே இல்லை. பைகளோடு ஒரு குடும்பம் வந்து கள்ளிக்காட்டுக்குப் போக வேண்டும் என்றது. நீண்ட ஓட்டம். சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். மற்றவர்கள் தனக்குச் செய்ததைத்தான் அவரும் செய்திருப்பார்.

அக்கா போய் சஜுவின் வண்டிக் கம்பியைத் தட்டினார்.

"எழும்புங்க. கள்ளிக்காட்டு ஓட்டம். ஒங்க டேர்ன் ஆக்கும், அண்ணா."

சஜு அக்காவைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தைப் பார்த்தார். பைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பியவர் நேராக அக்காவிடம் வந்தார். எதிர்ச் சாயாக்கடையில் நானும் என் நண்பன் ஸ்ரீஜித்தும் நின்றோம். சஜு அவரிடம் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"இண்ணைக்கு காலத்த ஒனக்க டயருக்க காத்த எறக்கினது நானாக்கும்."

"தெரியும். அவ்வளவு காலத்த இங்க வேற ஆரு வருவா?"

"தெரிஞ்சுமா எழுப்பின?"

"டேர்ன் ஒங்களுக்கதுல்லா?"

ஸ்ரீஜித் நம்பவில்லை. "நாணக்கேடு மக்கா. மனசெல்லாம் மாறாது" என்றான். வெட்கம் மட்டும் என்றால் முகத்தை மறைத்துக்கொண்டு போயிருப்பாரே என்றேன். அவர் செய்ததை யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தானாக வந்து ஏன் சொல்ல வேண்டும்? இருந்தாலும் எனக்கும் முழு உறுதி இல்லை.

மறுநாள் காலை ரயில் வந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். முதலில் அக்கா, அடுத்து எலியா. எலியா வழக்கம்போல வண்டியைக் கிளப்பினார்.

வரிசையின் கடைசியிலிருந்து சஜுவின் குரல் வந்தது. "எலே எலியா! வண்டிய நிறுத்து. டேர்ன் ஆருக்கது?"

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எலியா தலையைச் சொறிந்தார். "ஷிஜாக்கது..."

"பின்ன கூப்பிடு. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"ஷிஜா, போ" என்றார் எலியா.

"அது ஆருக்குலே கேக்கும்?" சஜு வண்டியிலிருந்து இறங்கி நின்று ரோடு முழுக்கக் கேட்கக் கூவினார்: "ஷிஜா, போ மக்கா!"

"வாறேன் அண்ணா!"

சந்திப்பு தாண்டும்வரை ஷிஜா அக்கா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.